மாணவர்களும் ஏழ்மை ஒழிப்பும்

அமெரிக்கா, இங்கிலாந்து முதலிய தேசங்களில் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் தங்கள் தொகுதி மெம்பர்களை நேரில் கண்டு, "உலகத்தில் பட்டினி கிடக்கும் ஜனங்களுக்காக இவ்வருஷத்து பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்கப் போகிறீர்கள்? இந்த மசோதாவுக்கு உங்கள் ஓட்டு எந்தப் பக்கம்?" என்று கேட்கும் வழக்கம் வெகு காலமாக இருந்து வருகின்றது. கேட்டதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. மெம்பர் சொன்ன பதிலைக் குறித்து வைத்துக்கொண்டு, ஓட்டெடுப்பு நாளன்று அவர் கை எந்தப் பக்கம் தூக்கியது என்று பார்த்து, சொன்னபடி செய்திருந்தால் நன்றி கூறியும், செய்யாதிருந்தால் காரணம் கேட்டும் மறுபடியும் கடிதம் எழுதுகிறார்கள். பத்திரிகைகளுக்கும் எழுதுகிறார்கள். இதை நம் பக்கத்துப் பெரியவர்களிடம் சொன்னால், "அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வேலை கிடையாதா? எவனோ ஒருவன் பசிக்கு இவன் ஏன் மனுப் போடுகிறான்?" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு முன் விஷயத்தைச் சற்று கவனிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

1980-ல் அமெரிக்காவில் 'ரிசல்ட்ஸ்' என்னும் சங்கத்தை ஏற்படுத்திய சாம் டேலி ஹாரிஸ் என்பவர் ஒரு சங்கீத உபாத்தியாயர். ஜமீன்தாருமல்ல, மந்திரி வேலைக்குக் காத்திருந்தவருமல்ல. சங்கம் தொடங்குவதற்கு முன் அவர் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாய்ச் சென்று சுமார் 7000 மாணவர்களிடம் உலகப் பசியைப்பற்றிப் பேசினார். போன இடமெல்லாம், "உங்கள் தொகுதி மெம்பரின் பெயர் என்ன?" என்று ஒரு கேள்வி போட்டார். சரியாய்ப் பதில் சொன்னவர்கள் சுமார் 200 பேர்! பசியை ஒழிக்கத் தானியமும் பணமும் உலகத்தில் இல்லாமலில்லை, அவற்றை ஒதுக்க வேண்டியவனைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை என்று அவருக்கு அப்போது விளங்கியது. மாணவரையும் குடும்பஸ்தரையும் சேர்த்துக்கொண்டு மெம்பர்களின் கதவைத் தட்டத் தொடங்கினார்.

இதே கேள்வியைச் சேலம் அரசு கலைக் கல்லூரியிலோ, நாமக்கல், திருச்செங்கோட்டுக் கல்லூரிகளிலோ போட்டால் நம் பிள்ளைகள் தோற்றுவிட மாட்டார்கள். மெம்பரின் பெயரைப் பட்டென்று சொல்லி விடுவார்கள். ஏனெனில், சுவருக்குச் சுவர் அவர் கும்பிட்ட கையோடு நிற்கின்றார்! ஆனால், அவர் சட்டசபையில் எழுந்து கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லுங்கள், எந்த மசோதாவுக்கு ஓட்டுச் செய்தார் சொல்லுங்கள் என்றால் பிள்ளைகள் மாத்திரமல்ல, அவர்களுடைய புரொபசர்களும் மேலே பார்ப்பார்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

"படிக்கிற வயதில் அரசியல் எதற்கு?" என்று கேட்கும் கனவான்களை நாமும் ஒன்று கேட்கின்றோம். சினிமாக்காரர் படத்துக்குப் பாலூற்றவும், மாநாட்டுக்கு லாரியில் ஆள் சேர்க்கவும், எலெக்ஷன் சமயத்தில் சுவரொட்டி ஒட்டவும் அந்தப் பிள்ளைகள் வேண்டும். அப்போது படிப்புக் கெடுவதாக எவரும் சொல்லக் காணோம். பட்டினியைப்பற்றிப் பேச வந்தால் மாத்திரம் படிப்புக் கெட்டுப் போகுமா? அன்றியும், 1988-ல் அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தத்தினால் ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆகிவிட்டது. ஓட்டுப் போட யோக்கியதை உள்ளவன், ஓட்டு வாங்கிக் கொண்டு போனவனைக் கேள்வி கேட்க யோக்கியதை இல்லாதவன் என்பது எந்த ஊர் நியாயமோ நமக்கு விளங்கவில்லை.

நம் மாணவர்கள் கேட்டால் சட்டசபை அசையாது என்பதும் பொய். 2017 ஜனவரியில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். 16-ந் தேதி அலங்காநல்லூரில் தொடங்கி மறுநாளே சென்னை மெரினா கடற்கரையில் கூடிய கூட்டத்தில் பெரும்பாலோர் மாணவர்களே. சேலத்திலும் ரயிலை நாட்கணக்கில் மறித்து நிறுத்தினார்கள். 21-ந் தேதி அவசரச் சட்டம் பிறந்தது. 23-ந் தேதி சட்டசபையில் மசோதா வந்து அன்றைக்கே நிறைவேறியது. முதல் நாளிலிருந்து எண்ணினால் எட்டு நாள்! காளையைப் பிடிக்கலாமா, கூடாதா என்பதை விவகரிக்க நாம் இங்கு வரவில்லை. நாட்கணக்கை மாத்திரம் வாசகர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம். காளைக்கு எட்டு நாளில் சட்டம் செய்யக்கூடிய ஒரு சட்டசபை, மனிதனுடைய வயிற்றுக்கு எத்தனை நாளில் செய்யும் என்பதுதான் நமது கேள்வி.

காவிரியில் ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த பள்ளிப்பாளையம் இருக்கின்றது. தறிச் சத்தம் இரவும் பகலும் ஓயாத ஊர். 2025 ஜூலையில் அவ்வூரின் பெயர் தேசமெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. துணிக்காக அல்ல, கிட்னிக்காக! விசைத்தறியில் நின்று கூலி வேலை செய்யும் ஏழை ஜனங்கள், ஆண்களும் பெண்களும், கடனை அடைக்க வழியில்லாமல் தரகர்கள் பேச்சைக் கேட்டுத் தங்கள் கிட்னியை விற்ற சங்கதி அப்போது வெளியாயிற்று. சர்க்கார் விசாரித்து, திருச்சி, பெரம்பலூர் ஜில்லாக்களிலுள்ள இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் கிட்னி மாற்றும் சிகிச்சைக்கான அனுமதியை நிறுத்தி வைத்தது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தனிப் போலீஸ் குழு அமைத்து விசாரிக்கும்படி உத்தரவிட்டது.

இதைக் கேட்டவுடன் நம்மவர்களில் பாதிப்பேர், "ஐயோ பாவம், அவன் தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். தலையில் அப்படி என்ன எழுதியிருந்தது? தறிக்கூலி என்ன என்பதைத் தறி முதலாளியும் ஜவுளி வியாபாரியும் சேர்ந்து எழுதினார்கள். வட்டி என்ன என்பதைக் கந்துவட்டிக்காரன் எழுதினான். வாரத் தவணை தவறினால் வாசலில் வந்து உட்காருவது என்பதைக் கடன் கம்பெனி எழுதிற்று. வைத்தியச் செலவு, பெண் கல்யாணம், சீர் வரிசை என்பவற்றை ஊர் வழக்கம் எழுதிற்று. இவ்வளவு பேர் எழுதிய எழுத்தை ஒரு கடவுள் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் கை கழுவிக் கொண்டால், ஏழைக்கு மிஞ்சியிருப்பது இன்னொரு கிட்னிதானே! மனிதன் எழுதியதை மனிதன் அழித்து எழுதலாம். அழித்து எழுதும் இடத்துக்குத்தான் சட்டசபை என்று பெயர்.

சட்டம் இல்லையா என்றால் இருக்கின்றது. உறுப்பு வியாபாரத்தை 1994-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கின்றது. அநியாய வட்டியைத் தடுக்க 2003-ல் நமது மாகாணத்திலேயே ஒரு சட்டம் வந்தது. கடன் கம்பெனிகள் மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டம் வந்தது. இத்தனை இருந்தும் கிட்னி போனது எப்படி? 2003-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் பள்ளிப்பாளையத்திலும் குமாரபாளையத்திலும் எத்தனை பிராது வந்தது, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள்? தறித் தொழிலாளிக்கு நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலி எத்தனை பேருக்குக் கைக்கு வருகின்றது? கிட்னி கொடுத்தவனுக்கு இன்று யார் வைத்தியம் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விகளைச் சட்டசபையில் எழுந்து கேட்டால் மந்திரி பதில் சொல்லித் தீர வேண்டும். கேட்பதற்கு மெம்பருக்கு உரிமை உண்டு. கேட்கும்படி மெம்பரை விரட்டுவதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் கடன்காரனாகவே இருக்க முடியாது. அவன் ஒரு நாள் தறியை விட்டு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அவனுடைய மகனோ மகளோ கல்லூரியில் படிக்கின்றாரே, அவர் போகலாம் என்கின்றோம்.

கடனைச் சட்டத்தினால் தீர்க்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் ஜில்லாக்காரர் ஒருவரையே சாட்சி வைக்கின்றோம். சேலத்தில் வக்கீலாயிருந்து, முனிசிபல் சேர்மன் வேலையும் பார்த்த ராஜகோபாலாச்சாரியாரோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்தியைக் கட்டாயமாக்கிய அதே 1938-ம் வருஷத்தில்தான் அவருடைய மந்திரிசபை சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தையும் செய்தது. குடியானவன் 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனில், 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்றிருந்த வட்டி முழுவதும் ரத்து. அசலைப் போல் இரண்டு பங்கு ஏற்கனவே கட்டிவிட்டிருந்தால் கடனே தீர்ந்தது என்று அச்சட்டம் சொல்லிற்று. எத்தனையோ வீட்டில் யாகம் செய்தும் விரதமிருந்தும் இறங்காத கடன் ஒரு காகிதத்தினால் இறங்கிற்று! ஆனால், அது நிலத்தோடு சம்பந்தமுள்ள குடியானவனுக்கு ஏற்பட்ட சட்டம். நிலமில்லாத நெசவாளி அன்றைக்கும் வாசற்படிக்கு வெளியேதான் நின்றான்.

இனி, தர்ம விஷயத்துக்கு வருவோம். நம் கல்லூரிகளில் ஏழைகளுக்கு ஒன்றுமே செய்வதில்லை என்று நாம் சொல்லவில்லை. முகாம் போட்டுத் தெருப் பெருக்குகிறார்கள். பழைய துணி சேர்த்துக் கொடுக்கிறார்கள். அநாதை விடுதியில் ஒரு வேளைச் சோறு போட்டுப் படம் பிடித்துக் கொள்ளுகிறார்கள். மனதிலே இரக்கம் இருப்பது நல்லதுதான். ஆனால், ஒரு வேளைச் சோறு மறு வேளைக்கு ஜவாப் சொல்லுவதில்லையே! 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் கொடிதாய் அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒன்று. அப்போது லண்டன் மேயர் வீட்டில் நிதி திறந்து, நம் ஊர் எந்தத் திக்கிலிருக்கின்றது என்றே அறியாத ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதுதான். அதே சமயத்தில் சர்க்கார் பஞ்ச வேலைக் கூலியை ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமளவாகக் குறைத்து உத்தரவு போட்டது. கொடுத்தது ஒரு கை, பறித்தது ஒரு உத்தரவு! எது ஜெயித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு 1880-ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்து, 1883-ல் பஞ்ச விதிகள் ஏற்பட்ட பிறகுதான், பஞ்சம் வந்தால் சர்க்கார் இன்னின்னது செய்யக் கடமைப்பட்டது என்று எழுத்தில் ஏற்பட்டது.

பள்ளிக்கூடத்துப் பகலுணவும் அப்படித்தான். 1920-ல் தியாகராயர் தலைமையில் சென்னைக் கார்ப்பொரேஷன் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடத் தீர்மானித்தது. சில வருஷத்தில் பணமில்லை என்று நின்று போயிற்று. பிறகு 1950-களில் காமராஜர் ஆட்சியிலும், 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் மாகாண முழுவதற்கும் பரவியது. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, தேசமெங்கும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு போட்டே தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்றைக்கு அந்தச் சோறு எவன் வீட்டுப் பிச்சையுமல்ல.

மாணவர்கள் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், நம் தேசத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கிராமத்து ஏழைக்கு வருஷத்தில் 100 நாள் வேலை கொடுக்கச் சட்டம் வேண்டும் என்று 2005 மே மாதம் டில்லியிலிருந்து ஒரு பஸ் புறப்பட்டு, 50 நாள், பத்து மாகாணங்களில் ஊர் ஊராய்ச் சுற்றிற்று. அதில் ழான் திரேஸ் என்னும் பொருளாதார நிபுணரும், தொழிலாளர் சங்கத்தாரும், யூனிவர்சிட்டி மாணவர்களும் ஏறிப் போனார்கள். மசோதாவில் ஏழைக்குப் பாதகமான இடங்களைச் சுட்டிக் காட்டிப் பார்லிமெண்டு மெம்பர்களை விடாமல் கேட்டார்கள். ஆகஸ்டு மாதம் சட்டம் நிறைவேறிற்று. நம் சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கு அது 2008-ல் வந்து சேர்ந்தது. நடவில்லாத மாதத்தில் ஏரி வேலைக்கும் வாய்க்கால் வேலைக்கும் போன நம் பெண்களில் எத்தனை பேருக்கு, அச்சட்டத்துக்காக முன்பின் தெரியாத மாணவர்கள் வெயிலில் பஸ் ஏறிய சங்கதி தெரியும்?

சட்டம் வந்த பிறகும் அம்மாணவர்கள் விட்டு விடவில்லை. கோடை விடுமுறைகளில் திரேஸ், ரீத்திகா கேரா முதலியவர்களோடு கிராமங்களுக்குச் சென்று, வேலை அட்டையில் எழுதியிருப்பதும் கைக்கு வந்த கூலியும் ஒன்றுதானா என்று வீடு வீடாய்க் கேட்டார்கள். 2011-ல் ஒன்பது மாகாணங்களில் ரேஷன் கடைகளைப்பற்றி அப்படிக் கணக்கெடுத்தபோது நம் மாகாணமும் அதில் சேர்ந்திருந்தது. ரேஷன் அரிசி முழுவதும் திருட்டுப் போகின்றது, ஆகையால் கடையை மூடிவிட்டுப் பணமாய்க் கொடுத்துவிடலாம் என்று டில்லிப் பெரிய மனிதர்கள் வாதித்துக் கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டில் அரிசி ஒழுங்காய்ப் போய்ச் சேருகின்றது என்று மாணவர்கள் கொண்டு வந்த கணக்கு அந்த வாதத்தின் வாயை அடைக்க உதவிற்று. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூச்சல் போடுவதற்கும் கணக்கோடு போய் நிற்பதற்குமுள்ள வித்தியாசத்தை இதிலிருந்து பார்த்துக் கொள்ளலாம்.

ஆனால், வந்த சட்டம் வந்தபடியே இருந்துவிடும் என்று தூங்கிவிடக் கூடாது. 2025 டிசம்பரில் அந்த 100 நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதில் வேறு சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றிற்று. மசோதா உள்ளே வந்த மூன்று நான்கு நாளில் இரண்டு சபையும் தாண்டிவிட்டது. நாள் 100 என்பது 125 ஆயிற்று. கூலிச் செலவு அனேகமாய் முழுவதும் மத்திய சர்க்காருடையது என்றிருந்தது போய், நூற்றுக்கு 40 பங்கை மாகாணம் போட வேண்டும் என்று ஆயிற்று. மாகாணத்தில் பணமில்லை என்று சொன்னால் அந்த 125 நாள் யார் வீட்டு நாள்? இச்சட்டத்தை நல்லதென்பவர்களும் இருக்கிறார்கள், கெட்டதென்பவர்களும் இருக்கிறார்கள். நம் தொகுதி மெம்பர் இதில் என்ன பேசினார், எப்படி ஓட்டுச் செய்தார் என்று நம் கல்லூரிகளில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதே நாம் அறிய விரும்புவது.

இனி, "உள்ளூர் ஏழ்மை சரி, உலகத்து ஏழ்மை நமக்கென்ன?" என்னும் கேள்வி. இதற்கும் கடனையே உதாரணமாகச் சொல்லுகின்றோம். பள்ளிப்பாளையத்துத் தொழிலாளிக்குக் கந்துவட்டிக்காரன் எப்படியோ, அப்படியே ஆப்பிரிக்கா முதலிய ஏழைத் தேசங்களுக்குப் பணக்காரத் தேசங்கள் இருந்தன. வாங்கியதைப்போல் பல பங்கு கட்டியும் அசல் அப்படியே நிற்கும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போகும். இதைக் கண்டு இங்கிலாந்தில் கீல் யூனிவர்சிட்டி உபாத்தியாயர் மார்ட்டின் டெண்ட் என்பவர், தம்முடைய மாணவர்களை வைத்துக்கொண்டு 1990-களின் தொடக்கத்தில் ஒரு மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்க ஆரம்பித்தார். 2000-ம் வருஷத்துக்குள் கட்ட முடியாத கடனை ரத்துச் செய் என்பது மனு. அது பெருகிற்று. 1998 மே 16-ந் தேதி எட்டு வல்லரசுகளின் தலைவர்கள் பர்மிங்ஹாம் நகரில் கூடியபோது 70,000 ஜனங்கள் கைகோர்த்து நகரைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் கையெழுத்து 2 கோடியே 40 லட்சம் ஆயிற்று. 1999-ல் கொலோன் மாநாட்டிலும், 2005-ல் கிளனீகிள்ஸ் மாநாட்டிலும் கடன் குறைப்புக்கு ஒப்புக் கொண்டார்கள். 30-க்கு மேற்பட்ட ஏழைத் தேசங்களின் கடன் பெரும் பகுதி கழிந்தது. நூறு பேர் கையெழுத்தில் என்ன ஆகும் என்கிறவர்கள், அதுவும் ஒரு கல்லூரி அறையில்தான் தொடங்கிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

அங்கும் இப்போது காற்று மாறியிருக்கின்றது. பணக்காரத் தேசங்கள் தங்கள் வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கு ஏழைத் தேசங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அய்க்கிய நாடுகள் சபை 1970-ல் தீர்மானித்தது. இங்கிலாந்து 2015-ல் அதைச் சட்டமாகவே செய்து, 2021-ல் 0.5 ஆக்கி, 2027-க்குள் 0.3-க்கு இறக்குவதாக 2025-ல் சொல்லிவிட்டது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி இலாகாவையே 2025-ல் மூடிவிட்டது. நாளொன்றுக்கு 3 டாலருக்கும் குறைவான செலவில் ஜீவிப்பவர்கள் உலகத்தில் சுமார் 80 கோடி என்று உலக பாங்கு அதே வருஷத்தில் கணக்குச் சொல்லுகின்றது. ஆகவே அந்நாட்டு மாணவர்களுக்கு வேலை தீரவில்லை. நம் ஜில்லாவிலிருந்து கூலிகளாய்க் கப்பலேறி இலங்கைக்கும் நேட்டாலுக்கும் போனவர்களின் பேரப் பிள்ளைகளும் அந்த உலகத்தில்தான் இருக்கிறார்கள் என்பதால் இதை அன்னியர் சங்கதி என்று நாம் தள்ளவும் முடியாது.

நம் மாணவத் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. சட்டசபை மெம்பரைக் காணப் போகிறவர்கள் பொன்னாடையும் எலுமிச்சம்பழமும் வாங்கிக் கொண்டு போக வேண்டியதில்லை. காலில் விழ வேண்டியதுமில்லை. "அய்யா" என்று மரியாதையாய்க் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் போதும். கூடப் படம் பிடித்துக் கொள்ளுவதற்காகவே போவதானால் போகாமலிருப்பது மேல். எந்தக் கட்சிக் கொடியும் கையில் இருக்கக் கூடாது. ஏனெனில், கட்சிக்காரனாய்ப் போனால் ஆளுங்கட்சி மெம்பர் எதிரி என்பார், எதிர்க்கட்சி மெம்பர் தோளில் தட்டி அனுப்பி விடுவார். இரண்டிலும் காரியம் ஆகாது. முதலாளிகளும் கடன் கம்பெனிகளும் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் கூச்சல் போடுவதில்லை. புள்ளி விவரமும் மசோதாவின் பிரிவும் கையில் வைத்துக் கொண்டு வாரந் தவறாமல் போகின்றான். சம்பளமில்லாத நம் பிள்ளைகளும் அதே சாமர்த்தியத்தோடு போக வேண்டும்.

சேலம் ஜில்லாவுக்கு 11, நாமக்கல் ஜில்லாவுக்கு 6, ஆக 17 சட்டசபைத் தொகுதிகள். பார்லிமெண்டுக்கு இவை பிரிந்து கிடக்கின்றன: சங்ககிரி நாமக்கல்லோடும், மேட்டூர் தர்மபுரியோடும், ஆத்தூர், கெங்கவல்லி, ஏற்காடு கள்ளக்குறிச்சியோடும் போகின்றன. பள்ளிப்பாளையம் குமாரபாளையம் தொகுதியில் இருக்கின்றது. பார்லிமெண்டுக்கு அது ஆற்றைத் தாண்டி ஈரோட்டோடு சேர்ந்தது. ஆகவே பள்ளிப்பாளையத்துக் கடனைப்பற்றிக் கேட்கப் போகிறவர்கள் நாமக்கல் பஸ்ஸில் ஏறிவிட வேண்டாம். முதலில் தறிக்கூடங்களுக்கு அருகேயுள்ள தெருக்களில் நூறு வீடு ஏறி, யாரிடம் எவ்வளவு கடன், வாரத்துக்கு எவ்வளவு கட்டுகிறார்கள், எவ்வளவு கூலி வருகின்றது என்று பெயரில்லாமல் கணக்கெடுத்துக் கொண்டு, பிறகு குமாரபாளையத்து மெம்பரிடமும் ஈரோட்டு மெம்பரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்து, ரசீது வாங்கிக் கொண்டு வரட்டும். அடுத்த கூட்டத் தொடரில் அவர்கள் என்ன கேள்வி போட்டார்கள் என்று பார்த்துக் கல்லூரி வாசலிலேயே எழுதி ஒட்டட்டும்.